வெளிநாட்டுப் பணமும் உள்ளூர் ஓட்டும்: வாசகர் கேள்வி பதில்

தேர்தல் செலவு, வெளிநாட்டு நன்கொடை பற்றிப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் எட்டு இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், வக்கீலைப் பாருங்கள்.

நம்ம ஊர் ஓட்டு சதவீதத்தை உயர்த்த அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்ததா இல்லையா? டீக்கடையில் பந்தயமே கட்டியிருக்கிறோம். (நெல்லித்தோப்பு வாசகர்)

கையில் கிடைக்கும் ஆவணங்களை வைத்துப் பார்த்தால், "கொடுத்தது" என்றவர் தோற்றுவிட்டார். 2025 பிப்ரவரியில், எலான் மஸ்க் முன்னின்று நடத்திய அமெரிக்கச் செலவுக் குறைப்புக் குழு, ரத்து செய்த உதவிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு வரி "இந்தியாவில் வாக்குப்பதிவு, 2.1 கோடி டாலர்". இதுதான் வினை. ஒப்பந்த எண் கிடையாது, யாருக்குக் கொடுத்தது என்று கிடையாது, எந்த ஆண்டு என்றும் கிடையாது. சில நாளில் ஓர் ஆங்கில நாளேடு, அந்தத் தொகை 2022 ஜூலையில் பங்களாதேஷுக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியது. நம் நிதி அமைச்சகத்தின் 2023-24 அறிக்கையில் யு.எஸ்.எய்ட் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பு) பணத்தில் நடந்த ஏழு திட்டங்கள் இருக்கின்றன, மொத்த மதிப்பு 75 கோடி டாலர். விவசாயம், குடிநீர், மருத்துவம், பேரிடர் என்று போகும் அந்தப் பட்டியலில் தேர்தல் இல்லை. 2014 முதல் 2024 வரை அப்படி ஒரு பணம் வரவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரகமே தெரிவித்ததாக, 2025 ஆகஸ்டில் வெளியுறவுத் துறை மாநிலங்களவையில் பதில் சொன்னது.

பந்தயத்தில் எதிர்ப் பக்கம் நிற்பவர் 2012 ஒப்பந்தத்தைக் காட்டுவார். தேர்தல் ஆணையம் அந்த ஆண்டு ஐ.எஃப்.இ.எஸ். என்ற அமெரிக்க அமைப்போடு கையெழுத்திட்டது உண்மை. அது மற்ற நாட்டுத் தேர்தல் அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி கொடுப்பது பற்றியது. இரு தரப்புக்கும் பணப் பொறுப்பு எதுவும் கிடையாது என்று அதில் எழுதியிருந்ததாக அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ்.ஒய். குரேஷி விளக்கினார்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 2024இல் வாக்காளர்கள் 96.8 கோடி. அந்தத் தொகை அன்றைய மதிப்பில் சுமார் 180 கோடி ரூபாய். முழுசாக வந்திருந்தாலும் தலைக்கு இரண்டு ரூபாய் தேறாது. நீங்கள் பந்தயம் கட்டிய டீ அதைவிட விலை கூட.

என் தம்பி பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிஸில் வேலை. நான் சட்டசபைக்கு நிற்கப்போகிறேன். அவன் ஐந்து லட்சம் அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா? சித்தப்பா மகனும் தருகிறேன் என்கிறார். (காரைக்கால் வாசகர்)

தம்பியிடம் வாங்கலாம். சித்தப்பா மகனிடம் கூடாது. கட்சிக்கு என்றால் இருவரிடமும் கூடாது.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராத தேர்தலே இருக்காது. 1962 ஆகஸ்ட் 16இல், புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழி இருந்தது. சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் இந்தியன், தம்பி பிரெஞ்சு என்று ஆனது அப்படித்தான். சட்டத்தின் கண்ணில் உங்கள் தம்பி "வெளிநாட்டு மூலம்". ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருவது) வைத்திருந்தாலும் அதே. அந்த அட்டை விசாவுக்குப் பதில், குடியுரிமைக்குப் பதில் அல்ல.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2010, பிரிவு 3: வேட்பாளர், எம்.எல்.ஏ., எம்.பி., அரசியல் கட்சி, கட்சிப் பொறுப்பாளர், நீதிபதி, அரசு ஊழியர், பத்திரிகைக்காரர், பத்தி எழுத்தாளர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. (இந்தப் பக்கத்தை எழுதுகிறவர்களும் அதில் அடக்கம்.) அடுத்த பிரிவு 4இல் விலக்குகள் வருகின்றன. அவற்றில் ஒன்று உறவினரிடமிருந்து வருவது. உறவினர் யார் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் விளக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், பிரியாத இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள். அப்படிக் கூட்டுக் குடும்பமாக இல்லாத அத்தை, மாமா, சித்தப்பா மகன் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் உறவு, இங்கே இல்லை.

பணம் வரும் பாதை முக்கியம். தம்பியின் சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்கு வங்கி வழியாக வரட்டும், "சகோதரருக்கு அன்பளிப்பு" என்ற குறிப்போடு. ஒரு நிதியாண்டில் உறவினர்களிடம் வாங்கியது 10 லட்சத்தைத் தாண்டினால் மூன்று மாதத்துக்குள் எஃப்.சி.-1 படிவத்தில் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்கு அது தேவையில்லை. மனு தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பு தேர்தல் செலவுக்கென்று தனிக் கணக்குத் திறக்க வேண்டும் அல்லவா, உங்கள் கணக்கிலிருந்து அதற்கு மாற்றுங்கள். செலவுப் பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. இது மஞ்சளில் ஏற வேண்டும். மனுவோடு தரும் 26ஆம் படிவப் பிரமாணத்தில் உங்கள் வங்கி இருப்பைக் காட்டும்போதும் இந்த ஐந்து லட்சம் உட்பட இருக்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். பணம் வந்த வழி சுத்தமாக இருக்கும், பிரமாணத்தில் பழைய இருப்பைப் போட்டிருப்பார்கள்.

அதில் ஒரு லட்சத்தைக் கட்சி மாவட்டக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டவரிடமிருந்து நேராக வந்தாலும், ஒருவர் அல்லது பலர் கைமாறி வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உறவினர் விலக்கு உங்களுக்குத்தான், கட்சிக்கு இல்லை. தண்டனை ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

2022 ஜனவரியில் மாற்றியபடி புதுச்சேரியில் சட்டசபைக்குச் செலவு உச்சவரம்பு 28 லட்சம், மக்களவைக்கு 75 லட்சம். தமிழ்நாட்டில் 40 லட்சம், 95 லட்சம். தம்பி பணம் என்பதால் கணக்கில் சேராமல் போகாது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு லட்சம் திரட்டி, சுயேச்சையாக நிற்கும் நண்பனுக்கு அனுப்பப் போகிறார்கள். பனியன், கொடி எல்லாம் அங்கேயே அடித்து அனுப்பவும் யோசனை. (புவனகிரி வாசகர்)

திரட்டும் முறைதான் வில்லங்கம். ஒர்க் பர்மிட்டில் இருந்தாலும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கியிருந்தாலும், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை அவர் இந்தியர். தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குழுவில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டவர், இன்னொருவர் மலேசியர் என்று வையுங்கள். எல்லார் பணமும் ஒருவர் கணக்கில் குவிந்து ஒரே தொகையாக வந்தால், எது யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது. மொத்தமும் மாட்டும். வெளிநாட்டவர் பணத்தை வேட்பாளருக்காக வாங்கிக் கொடுத்தவர் இந்தியராக இருந்தாலும் குற்றவாளிதான்.

ஆகவே தனித்தனியாக, அவரவர் கணக்கிலிருந்து நேராக நண்பரின் தேர்தல் கணக்குக்கு அனுப்பட்டும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலை நண்பர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கணக்கு ஒப்படைக்கும்போது யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற பட்டியலும் கொடுத்தாக வேண்டும். முடிவு அறிவித்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் மூன்று வருடம் போட்டியிடத் தடை வரலாம். ஒருவரிடம் ரொக்கமாக 10,000க்கு மேல் வாங்கக்கூடாது, ரொக்கமாக 10,000க்கு மேல் ஒருவருக்குக் கொடுக்கவும் கூடாது. உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்பினால் அந்நியச் செலாவணி வழக்கு தனியாக வரும்.

பனியன் யோசனையை விட்டுவிடுங்கள். சட்டத்தில் "நன்கொடை" என்றால் பொருளும் சேர்த்தி. ஒரு லட்ச ரூபாய் மதிப்பு வரை விலக்கு என்று யாராவது சொன்னால், அது ஒருவர் சொந்த உபயோகத்துக்குத் தரும் பரிசுக்கு. ஐந்நூறு பனியனைச் சொந்தமாக உடுத்த முடியாது. பண்ருட்டியிலோ கடலூரிலோ அடியுங்கள், பில் வாங்குங்கள். நோட்டீஸ், சுவரொட்டி எதுவாக இருந்தாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி அடியில் இருக்க வேண்டும். நண்பர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் வேறு யாரும் அவருக்காகச் செலவு செய்வது, முன்பு தண்டனைச் சட்டம் 171-எச், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 176ஆம் பிரிவின்படி குற்றம்.

கடலூர் சிப்காட்டில் இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனி நம்ம கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாமா? (செம்மங்குப்பம் வாசகர்)

லண்டனிலோ ஜெர்மனியிலோ உள்ள தாய்க் கம்பெனி நேராகக் கொடுக்க முடியாது. இங்கே பதிவான கம்பெனி என்றால் கதை வேறு. அந்தக் கதை தூத்துக்குடியைத் தொட்டுப் போகிறது.

பங்கில் பாதிக்கு மேல் வெளிநாட்டவரிடம் இருந்தால் இந்தியாவில் பதிவான கம்பெனியும் வெளிநாட்டு மூலம் என்று முன்பு சட்டம் சொன்னது. வேதாந்தாவின் ஸ்டெர்லைட், சேசா கம்பெனிகளிடம் வாங்கியதால் காங்கிரசும் பா.ஜ.க.வும் சட்டத்தை மீறின என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28இல் தீர்ப்புச் சொன்னது. இரண்டும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத கட்சிகள். இந்த வழக்கில் இரண்டுமே குற்றம் செய்யவில்லை என்று ஒரே குரலில் உச்ச நீதிமன்றம் போயின. 2016 நிதிச் சட்டம் அந்த விளக்கத்தையே மாற்றியது: அந்தத் தொழிலுக்கு அனுமதித்த அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனி இனி வெளிநாட்டு மூலம் அல்ல. அது 2010 வரைதான் பின்னோக்கிப் போனது, தீர்ப்பில் இருந்த நன்கொடைகள் அதற்கும் பழையவை. ஆகவே 2018இல் மறுபடி திருத்தி 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னால் கொண்டுபோனார்கள். நாற்பது வருடத்துக்குப் பின்னோக்கிச் சட்டம் திருத்துவது பெரிய காரியம். நிதி மசோதாவுக்குள் வைத்து, பேச்சில்லாமல் நடந்தது.

இரசாயன உற்பத்தியில் பெரும்பாலானவற்றுக்கு 100 சதவீத அந்நிய முதலீடு அனுமதி. ஆக, முழுக்க வெளிநாட்டவருக்குச் சொந்தமான, இங்கே பதிவான கம்பெனியும் கொடுக்கலாம். நிபந்தனை: கம்பெனி தொடங்கி மூன்று நிதியாண்டாவது ஆகியிருக்க வேண்டும், இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், ரொக்கம் ஆகாது. கடந்த மூன்று வருட நிகர லாபத்தின் சராசரியில் 7.5 சதவீதம்தான் உச்சம். லாபம் 4, 5, 6 கோடி என்றால் சராசரி 5 கோடி, கொடுக்கக்கூடியது 37.5 லட்சம். இந்த வரம்பை 2017இல் எடுத்துவிட்டிருந்தார்கள். தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் ரத்து செய்த உச்ச நீதிமன்ற அமர்வு இதையும் மீட்டுக் கொடுத்தது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டும். ஆகவே உங்கள் ஊர்க் கம்பெனி பற்றிய சந்தேகத்துக்கு அதன் ஆண்டுக் கணக்கே பதில் சொல்லும்.

சுனாமிக்குப் பிறகு தொடங்கிய எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறது. மீனவர் குப்பங்களில் வாக்காளர் விழிப்புணர்வு நடத்த அந்தப் பணத்தைத் தொடலாமா? (தேவனாம்பட்டினம் வாசகர்)

தொடாதீர்கள். எந்த நோக்கத்துக்கு வாங்கினீர்களோ அதற்கே செலவிட வேண்டும் என்பது பிரிவு 8. வலை, படகு, படிப்பு என்று வாங்கிய பணத்தில் வேன் வாடகையும் டீ செலவும் எழுதினால், கூட்டத்தில் யாரும் கட்சி பேசாவிட்டாலும் தணிக்கையில் கேள்வி வரும். நிர்வாகச் செலவில் நுழைத்துவிடலாம் என்றால் 2020க்குப் பிறகு அதற்கு 20 சதவீதம்தான். வேறு அமைப்புக்குக் கைமாற்றிவிடவும் முடியாது. பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் வந்திறங்குகிறது, அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு தொகைக்கும் தடம் உண்டு.

உள்ளூர் நன்கொடைக் கணக்கில் செய்யுங்கள். ஆணையத்தின் ஸ்வீப் என்ற வாக்காளர் விழிப்புணர்வுத் திட்டத்தில் ஆட்சியர் அலுவலகம் வழியாகச் சேர்ந்துகொண்டால் துண்டறிக்கைகூட அவர்களே தருவார்கள். உங்கள் செயலாளர் வேட்பாளராகப் போகிறார் என்றால் மனுவுக்கு முன்பே பொறுப்பை விட்டு விலகட்டும்.

மறியல், பந்த் நடத்தினாலே ஓர் அமைப்பின் மீது "அரசியல் தன்மை" என்று முத்திரை குத்தி வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்கும் விதியை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சுருக்கிவிட்டது. கட்சி அரசியலோடு தொடர்பு இருந்தால்தான் அது பொருந்தும். ஆனாலும் அந்தத் தீர்ப்பு உங்கள் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றாது.

சில நாடுகளில் தேர்தலையே வெளிநாட்டுப் பணத்தில் நடத்துகிறார்களாமே. பிறகு ஏன் சண்டை? (லாஸ்பேட்டை கல்லூரி மாணவி)

போர் முடிந்த நாட்டில் வாக்காளர் பட்டியலே இருக்காது. அதை முதலிலிருந்து எழுத கேமரா, கைரேகைக் கருவி, ஜெனரேட்டர், ஹெலிகாப்டர் எல்லாம் வேண்டும். கஜானாவில் ஒன்றும் இருக்காது. 1993இல் கம்போடியாவின் தேர்தலை ஐ.நா.வே நடத்தியது. ஆப்கானிஸ்தான், காங்கோ, ஹைதி எல்லாம் பெரும்பங்கு வெளிப்பணத்தில் ஓட்டுப் போட்டவை.

பணம் வரும் முறை இது. அரசோ தேர்தல் ஆணையமோ எழுத்தில் கேட்க வேண்டும். ஐ.நா.விலிருந்து தேவையை மதிப்பிட ஒரு குழு வரும், ஆளுங்கட்சியை மட்டுமல்ல, எதிர்க்கட்சி, தொண்டு அமைப்புகளையும் பார்க்கும். பிறகு திட்ட ஆவணம். கொடுக்கும் நாடுகள் எல்லாம் ஒரே கூடையில் போடும், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கூடையைப் பிடித்துக்கொள்ளும். மேலாண்மைச் செலவுக்கு வழக்கமாக 8 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் தவணை தவணையாக இறங்கும்.

முதல் சண்டை வாசலிலேயே. 2013இல் ஜிம்பாப்வே ஐ.நா.விடம் 13.2 கோடி டாலர் கேட்டது. மதிப்பீட்டுக் குழு எல்லாத் தரப்பையும் பார்க்க வேண்டும் என்றதும், ஆளுங்கட்சியைச் சேர்ந்த நீதி அமைச்சர் முடியாது என்றார். குழு ஜோகன்னஸ்பர்க்கோடு நின்றது. ஜூலை 31இல் தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி கைக்கு வாக்காளர் பட்டியல் வந்தது கடைசி நேரத்தில், காகிதக் கட்டாக.

இரண்டாவது, நடுவழியில் கயிற்றை இழுப்பது. கம்போடியாவில் பிரதான எதிர்க்கட்சியை 2017 நவம்பரில் கலைத்தார்கள். அடுத்த நாளே அமெரிக்கா ஆணையத்துக்கான உதவியை நிறுத்தியது, டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும். ஆனால் ஜப்பான் ஓட்டுப்பெட்டி கொடுத்தது, சீனாவும் கைகொடுத்தது, 2018 தேர்தல் குறித்த நாளில் நடந்தது. உதவியை நிறுத்தினால் அரசு பணியும் என்ற கணக்கு, தர வேறு ஆள் இல்லாத இடத்தில்தான் பலிக்கும். ஹைதியில் அதுவும் பலிக்கவில்லை. 2015 அதிபர் தேர்தலை மோசடி என்று ரத்து செய்து மறுபடி நடத்த முடிவானது. 3.3 கோடி டாலர் கொடுத்திருந்த அமெரிக்கா, மறுதேர்தலுக்குத் தரமாட்டேன் என்றது. சுமார் 5.5 கோடி டாலரை ஹைதியே புரட்டி 2016 நவம்பர் 20இல் நடத்தியது. 2018இல் காங்கோ, வெளிப்பணமே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அப்போது வேறு சண்டை, தென் கொரியாவிலிருந்து வந்த வாக்கு இயந்திரத்தை யாரும் நம்பவில்லை.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் எங்கள் கணிப்பில் மிகப் பெரியது அதுதான்: வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். 2004 அக்டோபர் 9, ஆப்கானிஸ்தான் அதிபர் தேர்தல். அழியாத மைக்குப் பதில் சில சாவடிகளில் சாதாரண மார்க்கர் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். விரலில் வைத்தது கழுவினால் போயிற்று. மதியத்துக்குள் போட்டியாளர்கள் பலர் புறக்கணிப்பு அறிவித்தார்கள். கோடிக்கணக்கில் செலவான தேர்தலைக் கவிழ்க்கப் பார்த்தது, எந்தப் பேனா எதற்கு என்று சாவடிக்காரருக்குச் சொல்லிக் கொடுக்காதது. வாக்குச்சீட்டிலும் இதே நெருக்கடி. வேட்பாளர் பட்டியல் முடிந்த பிறகுதான் அச்சடிக்க முடியும், அதற்குச் சில வாரங்களே இருக்கும், அதற்குள் தவணை வராவிட்டால் அச்சகம் கதவைத் திறக்காது.

சொந்தப் பணமாக இருந்தாலும் சண்டை வரும். 2017இல் கென்யாவின் வாக்குச்சீட்டு அச்சு ஒப்பந்தம் துபாய் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. ஜூலை 7இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீட்டில் உயிர் வந்தது.

நாம் யாருக்காவது கொடுத்திருக்கிறோமா? (வில்லியனூர் வாசகர்)

நிறைய. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், 1953இல் சூடானின் தேர்தலை நடத்தப் போனார். நம் முதல் பொதுத் தேர்தலே 10.45 கோடி ரூபாயில் முடிந்திருந்த காலம். 2014இல் நமீபியா நம் வாக்கு இயந்திரத்தை வாங்கி, ஆப்பிரிக்காவில் முதலாவதாகப் பயன்படுத்தியது. 2022இல் நேபாளத் தேர்தலுக்கு 200 வண்டிகள் இலவசம். மைசூர் மை பல நாட்டு விரல்களில் இருக்கிறது. கொடுக்கும்போது "நட்பு" என்கிறோம், நமக்கு யாராவது கொடுத்ததாகப் பேச்சு வந்தால் "தலையீடு" என்கிறோம். எல்லா நாடும் அப்படித்தான்.

இலங்கையில் பணம் இல்லை என்று தேர்தலைத் தள்ளிவைத்தார்களே. இங்கே அப்படி நடக்குமா? (சிதம்பரம் வாசகர்)

அங்கே 2023 மார்ச் 9இல் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். பட்ஜெட்டில் 1,000 கோடி இலங்கை ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள், திறைசேரி விடவில்லை. வாக்குச்சீட்டு அடிக்க அரசு அச்சகமே பணம் கேட்டது. நிறுத்தக்கூடாது என்று மார்ச் 3இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் நடக்கவில்லை. நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் அடிப்படை உரிமையை மீறினார் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு. ஓட்டுப் போட்டது 2025 மே 6இல். ஒதுக்கீடு என்பது காகிதம், விடுவிப்புதான் பணம்.

இங்கே மக்களவைத் தேர்தல் செலவு முழுக்க மத்திய அரசுடையது, சட்டசபைச் செலவு மாநிலத்துடையது, புதுச்சேரி என்றால் அதன் சொந்த பட்ஜெட். இரண்டும் ஒரே நாளில் வந்தால் பாதிப் பாதி. உச்ச நீதிமன்றத்தின் செலவு, நாடாளுமன்றம் ஓட்டுக்கு விடாமலே தொகுப்பு நிதியிலிருந்து வரும். தேர்தல் ஆணையத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது, ஆணையம் பலமுறை கேட்டும் கொடுக்கவில்லை. சட்டத்தில் அந்த ஓட்டை திறந்துதான் இருக்கிறது. ஆனால் பணம் இல்லை என்று சொல்லி இங்கே மக்களவைத் தேர்தலையோ சட்டசபைத் தேர்தலையோ நிறுத்தியதில்லை.

நிறுத்துவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அதில் வென்றவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி வரைக்கும் அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றது.